கணிதத்தில் சித்தியில்லை: தம்பிக்கு வேறு எந்தக் கல்விவழிகள் திறந்திருக்கின்றன?

படுவான்கரை அக்கா:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தில் வசிக்கின்றோம். என் தம்பிக்கு 17 வயது. க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விவசாயத்தில் பி, தமிழ், சைவசமயம், வரலாறு, சித்திரம் ஆகிய நான்கிலும் சி, விஞ்ஞானத்திலும் குடியியற் கல்வியிலும் எஸ் எடுத்திருக்கின்றான். ஆங்கிலமும் கணிதமும் டபிள்யூ, அதாவது சித்தியில்லை. உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் சி அல்லது அதற்கு மேலான திறமைச் சித்தியும் வேண்டும் என்பதால், ஏழு பாடங்கள் சித்தியாகியும் கணிதம் என்ற ஒன்றினால் அவன் வாசலிலேயே நிற்கின்றான்.

மறுமுறை எழுதட்டும், அதுவரை வேறு பேச்சு வேண்டாம் என்கிறார் அப்பா. கட்டாரில் இருக்கும் மாமா, 18 வயது முடிந்ததும் தன்னிடம் அனுப்பிவிடும்படி சொல்கிறார். தம்பியிடம் என்ன செய்ய விருப்பம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பதை மனவருத்தத்துடன் ஒப்புக்கொள்கின்றேன்.

அவனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன பெரும்போகத்தில் பக்கத்து வளவு ஐயாவின் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் வயல் நடுவே நின்றுவிட்டது. இவன் போய் டீசல் வடிகட்டியைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டி, குழாய்க்குள் புகுந்திருந்த காற்றை ஒவ்வொரு இணைப்பாகத் தளர்த்தி, நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை பொறுத்திருந்து இறுக்கி, அரை மணி நேரத்தில் இயந்திரத்தை இயக்கிவிட்டான். இதை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மற்றவர்கள் செய்வதைப் பார்த்துப் பழகியதுதான்.

இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பாடசாலைக்குள்ளோ வெளியிலோ உள்ள வழிகள் எவை? அந்தச் சான்றிதழ்களுக்கு மதிப்பு உண்டா? பிற்காலத்தில் பட்டம் வரை போக விரும்பினால் அந்த வழி அடைபட்டுவிடுமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

கல்முனை ஆசிரியர்:

வணக்கம் தங்கச்சி. பாடசாலையை விட்டு வெளியேறாமலே போகக்கூடிய வழி ஒன்று இருக்கின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகின்றேன், ஏனெனில் எங்கள் பகுதியில் பெற்றோர் பலருக்கு அது இன்னும் தெரியாது. 13 வருட உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017 இல் நாடு முழுவதிலும் 42 பாடசாலைகளில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டு, பின்னர் ஏனைய பாடசாலைகளுக்கும் விரிந்தது. அதன்கீழ் உயர்தரத்தில் தொழிற்பிரிவு என்ற தனிப்பிரிவு உண்டு. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய மாணவர், பெறுபேறு எதுவாக இருந்தாலும், அதில் சேரலாம். கணிதச் சித்தி அங்கே தடையாக இருக்காது.

முதற்கட்டத்தில் தாய்மொழி, ஆங்கிலத் தொடர்பாடல், தகவல் தொழில்நுட்பம், முயற்சியாண்மை போன்ற பொதுப்பாடங்களைப் படிப்பார்கள். அதன்பின் 26 தொழிற்பாடங்களுள் தமக்குரியதைத் தெரிவார்கள். மோட்டார் வாகனத் தொழில்நுட்பம், மின்னும் இலத்திரனியலும், கட்டட நிர்மாணம், உணவு பதனிடல், கால்நடை உற்பத்தி, சிறுவர் பராமரிப்பு, வரைகலை வடிவமைப்பு என்று அந்தப் பரப்பு பெரியது. 13 ஆம் தரத்தில் பெரும்பகுதி பயிற்சி நிலையத்திலும் தொழிற்றலத்திலும் கழியும். முடிவில் தேசிய தொழிற்தகைமை நான்காம் மட்டச் சான்றிதழைப் பெறுவதே நோக்கம்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லாப் பாடசாலைகளிலும் இந்தப் பிரிவு இல்லை. உள்ள பாடசாலையிலும் 26 பாடங்களும் கிடைக்கா. இரண்டோ மூன்றோதான் இருக்கும். நான் முன்பு கற்பித்த பாடசாலையில் மாணவர்களைப் பயிற்சிக்கு அனுப்பும் கடிதங்கள் மாதக்கணக்கில் தாமதமாகின, அந்தக் காத்திருப்பில் நல்ல பிள்ளைகள் இருவர் விலகிக் கடையொன்றில் வேலைக்குப் போய்விட்டார்கள். அதை நினைத்தால் இன்றும் எனக்குத் தாங்காது. ஆகவே சேர்க்கும் முன்னர் அதிபரிடம் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எந்தப் பாடங்கள் இங்கே நடக்கின்றன, பயிற்சி எந்த நிலையத்தில் வழங்கப்படும், முன்னைய அணியினர் சான்றிதழ் பெற்றுவிட்டார்களா. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு பாடசாலையைத் தேடுங்கள். உங்கள் பக்கம் மட்டக்களப்பு மேற்கு வலயக் கல்வி அலுவலகத்துக்கு உட்பட்டது. எந்தப் பாடசாலையில் எந்தப் பாடம் நடக்கிறது என்ற விபரத்தை அங்கே பெறலாம்.

2013 இல் வந்த தொழில்நுட்பவியல் பிரிவை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வழக்கமான உயர்தரப் பிரிவு. அதற்குக் கணிதச் சித்தி வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் தொழில்நுட்பவியல் பீடங்கள் இருப்பதால், கணிதத்தைத் தாண்டிய பிறகு உங்கள் தம்பி அந்தப் பக்கமும் திரும்பலாம்.

களுவாஞ்சிக்குடி கணித ஆசிரியை:

அன்பு மகளுக்கு, கணிதத்தைத் தாண்டிய பிறகு என்று மேலே எழுதப்பட்டிருப்பதைப் பிடித்துக்கொண்டு நான் பேசுகின்றேன். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கின்றது. ஆனால் மறுமுறை எழுதுவதற்காக ஓர் ஆண்டு முழுவதையும் வீட்டில் சும்மா கழிக்க வேண்டியதில்லை. தொழில் பழகிக்கொண்டே தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்துக்குத் தோற்றலாம்.

டபிள்யூ என்பது 35 இலும் குறைந்த புள்ளி. அது 34 ஆகவும் இருக்கலாம், 12 ஆகவும் இருக்கலாம். பெறுபேற்றுத் தாள் அதைச் சொல்லாது. எனவே முதலில் கடந்த கால வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து, மணிக்கூட்டை வைத்துச் செய்யச் சொல்லி, அவன் உண்மையில் எங்கே நிற்கின்றான் என்று பாருங்கள்.

வினாத்தாளின் அமைப்பை அறிந்தால் பாதிப் பயம் போய்விடும். முதலாம் வினாத்தாளின் பகுதி அ வில் 25 குறுவினாக்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளிகள். பகுதி ஆ வில் 5 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 10 புள்ளிகள். இரண்டாம் வினாத்தாளில் 12 வினாக்களுள் 10 இற்கு விடையளிக்க வேண்டும், அவையும் 10 புள்ளிகள் வீதம். மொத்தம் 200 புள்ளிகள். சாதாரண சித்திக்கு அதில் 70 போதும். குறுவினாக்களில் 15 சரியானால் 30 வந்துவிடும். பகுதி ஆ வில் பின்னங்களையும் நிகழ்தகவையும் ஒழுங்காகச் செய்தால் 14 எதிர்பார்க்கலாம். மீதி 26 ஐ இரண்டாம் வினாத்தாளின் நான்கு வினாக்களிலிருந்து எடுக்க வேண்டும்: கூட்டமாக்கிய மீடிறன் பரம்பலின் இடை, இருபடிச் சார்பின் வரைபு, தொடைகளின் வென் வரிப்படம், வட்டியும் பங்குகளும். இந்த நான்கையும் திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டும். கேத்திரகணித நிறுவல்களை இந்தத் தடவை விட்டுவிடலாம். எல்லாப் பாடங்களையும் முதலாம் அத்தியாயத்திலிருந்து மறுபடி தொடங்கும் பெருவகுப்புகளில் இப்படிப்பட்ட பிள்ளைகள் மூன்றாம் வாரத்திலேயே தொலைந்துபோவதை நான் பல ஆண்டுகளாகக் காண்கின்றேன். ஐந்தாறு பேருக்கு மேற்படாத ஒரு சிறு வகுப்பைத் தேடிக்கொடுங்கள், அல்லது அயலில் உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளையைப் பிடியுங்கள்.

அறுவடை முடிந்து மூடைகளை எண்ணி, ஏக்கருக்கு எவ்வளவு விழுந்தது என்று வாய்க்கணக்காகச் சொல்லும் பிள்ளைக்கு இடை என்பது புதிய விடயமா? அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள்.

சம்மாந்துறை மின்னிணைப்பாளர்:

வணக்கம் சகோதரி. உங்கள் தம்பி காற்று எடுத்த கதையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நானும் சாதாரண தரத்தில் தவறிய ஒருவன். தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னிணைப்பு படித்தேன். இன்று கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையில் வீட்டு மின்னிணைப்பு வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்கின்றேன், என்னுடன் நான்கு பையன்கள் பழகுகிறார்கள்.

நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நேரடியான பதில்: வழி அடைபடாது. தேசிய தொழிற்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்காம் மட்டம் வரை தொழிற்றிறன் சான்றிதழ்; ஐந்தாம், ஆறாம் மட்டங்கள் டிப்ளோமாவும் உயர் டிப்ளோமாவும்; ஏழாம் மட்டம் பட்டம். அந்தப் பட்டத்தை வழங்குவதற்கென்றே இரத்மலானையில் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் ஒன்று 2008 ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டது. உயர்தரம் படிக்காமல் இந்த ஏணியால் ஏறி அங்கே போய்ச் சேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். படிகள் நீளமானவை, இடையில் வேலை கிடைத்ததும் பெரும்பாலானோர் நின்றுவிடுகிறோம், நானும் நின்றவன்தான். ஆனால் படிகள் இருக்கின்றன.

உங்களுக்கு மிகக் கிட்டியது மஞ்சந்தொடுவாயில் உள்ள மட்டக்களப்பு தொழில்நுட்பக் கல்லூரி. மண்முனைப் பாலம் 2014 இல் திறக்கப்படுவதற்கு முன்னர் பாதை எனப்படும் மிதவைப் படகுக்குக் காத்திருந்து வாவியைக் கடக்க வேண்டியிருந்த உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்போது அது நாளாந்தம் போய்வரக்கூடிய தூரம். கற்கைநெறிக்குக் கற்கைநெறி அனுமதித் தகைமை வேறுபடும். சிலவற்றுக்குச் சாதாரண தரச் சித்திகள் வேண்டும், சிலவற்றுக்கு அந்தத் தரம் வரை படித்திருந்தாலே போதும். ஆகவே கணிதம் இல்லை என்று வீட்டிலிருந்தே முடிவெடுத்துவிடாமல் நேரில் சென்று விண்ணப்பப் படிவத்தை வாங்கிப் பாருங்கள். தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டங்களிலும் உண்டு.

இயந்திரத்தோடு பழகும் பிள்ளைக்கு இன்னொரு வழி பயிலுனர் பயிற்சி. தேசிய பயிலுனர் மற்றும் கைத்தொழில் பயிற்சி அதிகார சபை, அதாவது நாங்கள் நைற்றா என்று சொல்வது, பிள்ளையை ஒரு தொழிற்றலத்துடன் ஒப்பந்தத்தில் சேர்த்து, வேலையிடத்திலேயே பழக வைத்து, முடிவில் மதிப்பீடு செய்து சான்றிதழ் கொடுக்கும். ஊர்க் கராஜில் சேர்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. ஊர்க் கராஜில் ஐந்து வருடம் நின்றாலும் கையில் ஒரு தாள் இருக்காது. பயிலுனருக்கு எதை எந்தக் காலத்தில் பழக்க வேண்டும் என்று எழுத்தில் இருக்கும். ஏற்கெனவே பல வருடம் வேலை செய்த மெக்கானிக்குகளுக்கும், பாடநெறி படிக்காமலே அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு இருக்கின்றது. உங்கள் ஊரில் அப்படி யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

வெளியூரில் தங்கிப் படிக்க வீட்டில் விட்டால், கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜெர்மன் பயிற்சி நிறுவகத்தையும் விசாரியுங்கள். வாகனத் தொழில்நுட்பம் அங்கே நன்றாகக் கற்பிக்கப்படுகிறது.

மாமாவுக்கு ஒரு செய்தி. கட்டாருக்குப் போவதை நான் குறை சொல்லவில்லை, என் இரண்டு சகோதரர்களும் அங்கேதான். மூத்தவர் சான்றிதழ் இல்லாமல் உதவியாளராகப் போனார். இளையவர் நான்காம் மட்டச் சான்றிதழுடன் மின்னிணைப்பாளராகப் போனார். மூத்தவர் இன்றும் அதே இடத்தில் குழாய் தூக்குகிறார். இளையவரின் கீழ் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். அனுப்புவதென்றால் சான்றிதழுடன் அனுப்புங்கள்.

வாழைச்சேனைத் தாய்:

எங்களுக்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கின்றேன், மற்றவர்கள் ஏமாறக் கூடாது. என் மகளைத் தனியார் நிறுவனம் ஒன்றில் ஆறு மாதக் கணினிப் பாடநெறிக்குச் சேர்த்தோம். நகையை அடகு வைத்துத்தான் காசு கட்டினோம். பட்டமளிப்பு போல மேலங்கி அணிவித்துப் படமும் எடுத்தார்கள். பிறகு வேலைக்கு விண்ணப்பித்த இடத்தில், இது தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் அல்ல, அந்த நிறுவனமே அச்சடித்துக் கொடுத்த தாள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். தனியார் நிறுவனமாயின் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு மட்டுமல்ல, நீங்கள் சேரும் அந்தப் பாடநெறிக்கும் அங்கீகாரம் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு. நாங்கள் முதலாவதைக் கேட்டோம், இரண்டாவதைக் கேட்கத் தெரியவில்லை.

படுவான்கரை அக்கா:

எழுதிய எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. இந்தப் பதில்களைத் தம்பியுடன் அமர்ந்து வாசித்தேன். சம்மாந்துறை அண்ணா எழுதியதை அவன் இரண்டு தடவை வாசித்தான். ரீச்சர் சொன்னபடி பழைய வினாத்தாள் ஒன்றை வைத்துச் செய்வித்தோம். 200 இற்கு 51 வந்தது. இன்னும் 19 தானே என்று அவனே சொன்னான்.

இன்னொன்றையும் கேட்க அனுமதியுங்கள். எங்கள் அயலில் ஒரு பிள்ளை இருக்கின்றாள், 15 வயது. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார். அம்மம்மா நோயில் விழுந்ததும் 10 ஆம் தரத்தில் பாடசாலையை நிறுத்தி, சமையலும் இரண்டு தம்பிமாரும் அவள் தலையில் விழுந்துவிட்டன. அவளுடைய அக்காவுக்கு 19 வயது, அவளும் சாதாரண தரம் எழுதாதவள். இவர்களுக்கு ஏதாவது வழி உண்டா?

திருக்கோவில் முறைசாராக் கல்வி:

வணக்கம். நான் முறைசாராக் கல்விப் பிரிவுடன் இணைந்து பணியாற்றுகின்றேன். இரண்டு பிள்ளைகளின் நிலையும் வேறு என்பதால் தனித்தனியாகச் சொல்கின்றேன்.

15 வயதுப் பிள்ளைக்கு மாற்று வழி தேட வேண்டாம். அவளுக்குரிய இடம் பாடசாலைதான். கட்டாயக் கல்விக்குரிய வயது 2016 இல் 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே அவளைத் திரும்பச் சேர்க்க முடியாது என்று எந்தப் பாடசாலையும் சொல்ல முடியாது. கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் சொல்லுங்கள். அவள் இடைவிட்டது படிப்பு வராததால் அல்ல, வீட்டில் ஆள் இல்லாததால். எனவே நோயாளியைப் பார்க்க யாரையாவது ஒழுங்கு செய்யாமல் சீருடையை மட்டும் வாங்கிக்கொடுத்தால் இரண்டு வாரத்தில் மீண்டும் நின்றுவிடுவாள். என் அனுபவத்தில் திரும்பி வந்து நிலைத்த பிள்ளைகள் எல்லோருக்கும் பின்னால் ஒரு சித்தியோ பக்கத்து வீட்டு மாமியோ காலை வேலையைப் பொறுப்பெடுத்திருந்தார்கள். உங்கள் ஊரில் அந்த மாமி யாராக இருப்பார் என்று முதலில் யோசியுங்கள்.

19 வயது அக்காவுக்குத் தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலைத் திட்டம் பொருந்தும். பாடசாலையை இடைநடுவில் விட்டவர்கள் வீட்டிலிருந்தே கற்று, குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வகுப்புக்கு வந்து, சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு அது உதவுகின்றது. வலயக் கல்வி அலுவலகத்தின் முறைசாராக் கல்விப் பிரிவிலும் விசாரியுங்கள். தையல், கேக் தயாரித்தல் போன்ற குறுங்காலப் பயிற்சிகளை அப்பிரிவு நடத்துவதுண்டு. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்துக்கு மட்டக்களப்பில் பிராந்திய நிலையம் இருக்கின்றது. உயர்தரம் இல்லாதவர்களும் 18 வயதின் பின்னர் அடிப்படைக் கற்கைநெறிகளினூடாக அங்கே பட்டப்படிப்பை நோக்கிப் போகலாம். ஆனால் அவளை உடனே அங்கே அனுப்ப வேண்டாம். தனியாக வாசித்து ஒப்படைகள் எழுதும் பழக்கம் வந்த பிறகு போவதே நல்லது.

பிறப்புச் சான்றிதழையும் கடைசியாகப் படித்த பாடசாலையின் விடுகைப் பத்திரத்தையும் இப்போதே எடுத்து வையுங்கள். அடையாள அட்டை இல்லாவிட்டால் பரீட்சை விண்ணப்பத்தில் சிக்கல் வரும்; அதற்கும் காலம் எடுக்கும்.

படுவான்கரை அக்கா:

மிக்க நன்றி ஐயா. அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு நேற்று அம்மாவுடன் போனேன். காலை ஏழு மணியிலிருந்து இரண்டு மணி வரை அம்மம்மாவைத் தான் பார்த்துக்கொள்வதாக அம்மா சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அதிபரைச் சந்திக்கின்றோம். அக்காவின் விடுகைப் பத்திரத்தையும் அன்றே கேட்போம்.

தம்பியும் அப்பாவும் புதன்கிழமை மஞ்சந்தொடுவாய்க்குப் போகிறார்கள். அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். வேலைத்தலத்தை உள்ளே போய்ப் பார்க்க விடுவார்களா என்று நேற்றிரவு அவரே என்னிடம் கேட்டார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

சம்மாந்துறை மின்னிணைப்பாளர்:

நான் படித்த காலத்தில் பெற்றோர் கேட்டால் உள்ளே விடுவார்கள், சகோதரி. காலையில் பத்து மணிக்கு முன்னர் போகச் சொல்லுங்கள், செய்முறை வகுப்பு நடக்கும்போது பார்க்கலாம். பெறுபேற்றுத் தாளின் பிரதியையும் மறக்காமல் கொண்டுபோகச் சொல்லுங்கள்.